இருக்கைக்கு அடியில் மஞ்சள் ஒயர்

எட்டு மாதமாக மாப்பிள்ளை ஏன் அந்த வண்டியைத் திறந்தே பார்க்கவில்லை என்று கேட்டு நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். ஒரு வாசகி, 'கார் கரண்ட் வேலையையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்கு இதுகூடத் தோன்றாதா' என்று சூடாகவே கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பதில் இந்த வாரம் கிடைத்துவிடும். ஆனால் கேட்க நன்றாக இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மாமனார் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. வேக முள்ளை நாற்பதுக்கு மேல் ஏற விடமாட்டார் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'நாற்பது'. ஓய்வு பெற்றபிறகு ஆசையாக வாங்கிய காரில், மனைவியை மூட்டு டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, சிக்னலை மதிக்காத லாரி ஒன்று குறுக்கே பாய்ந்துவிட்டது. டிரைவர் பக்கத்து ஏர்பேக் விரிந்தது. அவர் நெஞ்சில் ரத்தக்கட்டோடு பிழைத்தார். பக்கத்து சீட்டின் ஏர்பேக் விரியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தது அவர் மனைவி.

அன்றிலிருந்து அவருடைய ஒரே மகள், மாப்பிள்ளையின் மனைவி, அவரோடு பேசுவதில்லை. விபத்துக்கு முந்தைய வாரம் அம்மா போனில் சொன்னதை அவள் ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறாள். "வண்டியில ஏதோ சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்குடி. ஒரு ஆளு உக்காந்திருக்க, முன்னால பந்து இருக்கற மாதிரி படம். உங்கப்பாகிட்ட சொன்னா, அது கிடக்கட்டும்கிறார்."

அந்தக் 'கிடக்கட்டும்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வழக்கில் தப்பு லாரிமேல் என்று முடிந்துபோனது. ஏர்பேக் ஏன் விரியவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவள் ஒருத்திதான் கேட்டாள், அதுவும் தன் அப்பாவை.

இனி அழகில்லாத பதிலுக்கு வருகிறேன். 'கிடக்கட்டும்' என்பது மாமனாரின் வார்த்தையே இல்லை. அது மாப்பிள்ளை சொன்னது.

லைட் முதல் தடவை எரிந்தபோது மாமனார் போன் செய்தார். மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை போய், சீட்டுக்கு அடியில் கையை விட்டு கனெக்டரை அழுத்திவிட்டு, ஸ்கேனரைப் போட்டு கோளாறுப் பதிவை அழித்தான். லைட் அணைந்தது. அந்தத் தொழிலில் இது எல்லாரும் செய்வதுதான். 'அழிச்சுட்டேன், எடுத்துட்டுப் போங்க' என்பார்கள். ஏன் வந்தது என்று பார்க்காமல் வந்த சுவட்டை மட்டும் அழிப்பது. பத்து நாள் கழித்து மறுபடி போன். அன்று பட்டறையில் மூன்று வண்டி கழற்றிப் போட்டபடி கிடந்தன. "கனெக்டர் லூசா இருக்கும் மாமா, ஒண்ணும் ஆகாது. கிடக்கட்டும், அடுத்த மாசம் வரும்போது அழிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

இது இரண்டே பேருக்குத் தெரியும். மாமனார் எட்டு மாதமாக மூச்சுவிடவில்லை. மாப்பிள்ளையும் விடவில்லை. மோதிய கோணம் சரியில்லாமல் இருந்திருக்கலாம், ஏர்பேக்கே பழுதாக வந்திருக்கலாம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தினான். வண்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால்தான் பார்க்கவில்லை, போதுமா?

ஆனால் இன்றைக்கு தப்ப வழியில்லை. மாலை நாலு மணிக்கு வண்டியை உடைக்கக் கொண்டுபோகிறார்கள். அதற்கு முன் நீங்களே திறந்து பார்த்து எனக்குக் காகிதத்தில் கொடுக்க வேண்டும் என்று அவன் மனைவி போன வாரம் ஒற்றைக் காலில் நின்றாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வாயால் சொல்வதை நம்பமாட்டாள், ரிப்போர்ட் வேண்டும்.

காலை பதினோரு மணிக்கு இருவரும் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தகரவேலி போட்ட பெரிய மைதானம். விபத்தில் சிக்கிய வண்டிகள் வரிசையாக, சக்கரம் இல்லாமல், கண்ணாடி இல்லாமல் நின்றன. மாமனார் அவர்களுக்கு முன்பே பஸ் பிடித்து வந்து, வாசல் பக்கம் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். வண்டி அவர் பெயரில் இருக்கிறது, ஒப்படைக்கும் தாளில் அவர்தான் கையெழுத்து போட வேண்டும்.

மகள் அவரைக் கடந்து போனாள். தலையைத் திருப்பவில்லை.

"அவருக்கு தண்ணி பாட்டில் வேணுமான்னு கேளுங்க" என்றாள் கணவனிடம், அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு.

"மாமா, தண்ணி வேணுமா?"

"வேணாம் மாப்பிள்ளை. கொண்டுவந்திருக்கேன்னு சொல்லுங்க."

"கொண்டுவந்திருக்காராம்."

இப்படித்தான் எட்டு மாதமாக. இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரன் வேலை மாப்பிள்ளைக்கு. மாத்திரை சாப்பிட்டாரா, கரண்ட் பில் கட்டினாரா, எல்லாம் அவன் வழியாகத்தான் போகும், அவன் வழியாகத்தான் வரும். ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் செய்தான். செய்யாமல் எப்படி, குற்றமுள்ள நெஞ்சாயிற்றே.

வண்டி ஏழாவது வரிசையில் கிடந்தது. முன்பக்கம் ஒரு மூலை உள்ளே போயிருந்தது. டிரைவர் பக்கம் ஸ்டீயரிங்கில் விரிந்த ஏர்பேக் காற்றுப் போன தலையணை மாதிரி தொங்கியது. அடுத்த பக்கம் டாஷ்போர்டு கோடு விழாமல் அப்படியே இருந்தது. அந்த வழவழப்பைப் பார்த்ததும் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அவளைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னான். விரியாத ஏர்பேக் உள்ளே மருந்து அடைத்த சாமான். சும்மா மீட்டரை வைத்து அளந்தாலே அந்தச் சின்ன கரண்ட்டுக்கு வெடித்துவிடக்கூடும். அதனால் முதலில் பழைய பேட்டரியின் ஒயரைக் கழற்றினான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய அவ்வளவு நேரம் ஆகும்.

அந்தப் பத்து நிமிஷம் அவனுக்குப் பத்து வருஷமாக இருந்தது.

பிறகு டாஷ்போர்டைப் பிரித்து, விரியாத ஏர்பேக்கின் கனெக்டரைப் பிடுங்கி, அதற்குப் பதிலாக இரண்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகினான். ஏர்பேக் இருக்கிறது என்று பெட்டி நம்பிக்கொள்ளும், வெடிக்க ஒன்றும் இருக்காது. தான் கொண்டுவந்த பேட்டரியை மாட்டினான். ஸ்கேனரைச் செருகி சாவியைத் திருப்பினான்.

மீட்டரில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒரு ஆள், முன்னால் ஒரு பந்து.

அவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். மோதலை உணரும் முன்பக்க சென்சார் சரி; அது வேலை செய்ததால்தானே ஒரு பக்கம் விரிந்தது. பெட்டியிலிருந்து டாஷ்போர்டுக்குப் போகும் ஒயர் சரி. ஏர்பேக்கில் பழுது என்று பெட்டியில் எந்தப் பதிவும் இல்லை. எட்டு மாதமாக அவன் சாய்ந்துகொண்டிருந்த ஒவ்வொரு சாக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கை நழுவியது.

மிச்சம் ஒன்றுதான். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார். அதில் இணைப்பு இல்லை என்று காட்டியது.

ஸ்கேனரோடு வந்த சின்ன பிரிண்டர் கீச்கீச்சென்று காகிதத்தைத் துப்பியது. அவன் கையில் எடுப்பதற்குள் மனைவி வந்து எடுத்துக்கொண்டாள். தினமும் நூறு ரிப்போர்ட் பார்க்கிற கண். எங்கே பார்க்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"பக்கத்து சீட், ஆள் இல்லை. அதனால ஏர்பேக்குக்கு உத்தரவு இல்லை" என்று மெல்லப் படித்தாள். "ஆள் இல்லையாமே. எங்கம்மா உக்காந்திருந்தாங்களே. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, காலை நீட்டி உக்காந்திருந்தாங்களே."

மாப்பிள்ளை குனிந்து ஸ்கேனர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அவள் அடுத்த வரிக்குப் போனாள். அந்தக் கோளாறு பெட்டியில் பதிவானது மோதலுக்கு முன் பத்தொன்பதாவது தடவை சாவி போட்டபோது. அதைப் படித்ததும் அவள் முகம் மாறியது. காகிதத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினான்.

"கேளுங்க அவர்கிட்ட" என்றாள், டயருக்கு முன்னால் நின்று. "பத்தொன்பது தடவை சாவி போட்டிருக்காரு. பத்தொன்பது தடவையும் அந்த லைட்டு கண்ணு முன்னால எரிஞ்சிருக்கு. ஒரு தடவைகூட தோணலையான்னு கேளுங்க."

மாமனார் மகளைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"எரிஞ்சுதுதான்" என்றார். "நான்தான் விட்டுட்டேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை."

நீங்களே சொல்லுங்கள், ஒரு மனுஷன் அந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டாமா? மாப்பிள்ளை திறக்கவில்லை. அவள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, முகம் கழுவ குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

காரியம் முடிந்தது. பையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். இயந்திரமே சாட்சி சொல்லிவிட்டது, சாட்சிக்கு எதிராகப் பேச வேண்டியவரே ஒப்புக்கொண்டும் விட்டார். வீட்டுக்குப் போனால் வழக்கம்போல சாப்பாடு, வழக்கம்போல நாளைக்குப் பட்டறை.

ஆனால் தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கனெக்டரைச் செருகியபோது கிளிக்கென்று பூட்டிய சத்தத்தைக் காதால் கேட்டிருந்தான். பூட்டிய கனெக்டர் தானாகக் கழலாது. அப்படியானால் எது இழுத்தது?

திரும்பிப் போய் பேட்டரியைக் கழற்றினான். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, உடைந்த கண்ணாடித் தூள்மேல் மல்லாந்து படுத்து, சீட்டுக்கு அடியில் தலையை விட்டான்.

மஞ்சள் உறை போட்ட ஒயர்க்கட்டு இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி விறைப்பாக நின்றது. கனெக்டர் பாதி வெளியே வந்திருந்தது. அதை இழுத்துக்கொண்டிருந்தது ஒரு கொக்கி. சீட் கவரின் எலாஸ்டிக்கில் இருக்குமே, வளைந்த சின்னக் கம்பிக் கொக்கி, அது. மூன்று கொக்கிகள் சீட்டின் இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்தன. நாலாவது கொக்கி சட்டத்தில் இல்லை. மஞ்சள் ஒயரில் மாட்டியிருந்தது.

அந்த சீட் கவர் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது.

அத்தைக்கு சீட்டுத் துணி முதுகில் குத்துகிறது என்று சொன்னதால் அந்த லைட் எரிய ஆரம்பிப்பதற்குச் சில வாரம் முன் மெத்தென்று தேடிப் பிடித்து வாங்கினான். வேறு யாரையும் தொட விடாமல் வீட்டு வாசலில் வைத்து அவனே மாட்டினான். கடைசிக் கொக்கிக்கு இடம் எட்டவில்லை. குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டு, கைக்குத் தட்டுப்பட்ட எதிலோ மாட்டிவிட்டான். அத்தை பக்கத்தில் டீ டம்ளரோடு நின்று, 'மாப்பிள்ளை கை பட்டா எதுவும் அம்சமாயிடும்' என்று சொன்னது இப்போது சீட்டுக்கு அடியில் அவன் காதில் கேட்டது.

அத்தைக்கு மூட்டுவலி. வண்டியில் ஏறினால் காலை நீட்ட சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்வார். ஒவ்வொரு தள்ளலுக்கும் கொக்கி ஒயரை ஒரு இழுப்பு இழுத்திருக்கிறது. மாமனார் போன் செய்த அன்றைக்கே வந்து இதேபோல படுத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

அவன் அப்படியே கிடந்தான். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை.

"மாப்பிள்ளை" என்று குரல் கேட்டது. மாமனார் கதவுப் பக்கம் குந்தியிருந்தார். எழுந்து உட்கார்ந்த மாப்பிள்ளை கொக்கியைப் பற்றிச் சொன்னான். அவருக்கு போன் விஷயம்தான் தெரியும், இது புதிது. கேட்டதும் அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். செத்துப்போனது அவருடைய மனைவியாயிற்றே. முப்பத்தெட்டு வருஷம்.

பிறகு, இது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். நாலு மணிக்கு லாரி வந்தால் இதுவும் சேர்ந்து போய்விடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார்.

"எதுக்கு மாமா? எட்டு மாசமா எதுக்கு எனக்காக இதைச் சுமக்கிறீங்க?"

"உங்களுக்காக யாரு சுமந்தா?" என்றார் அவர். கோபம் இல்லாமல்தான் சொன்னார், ஆனாலும் சுருக்கென்றது. "அவளுக்கு அம்மா போயிட்டா. அப்பன் மேல கோவிச்சுக்கிட்டு அவ இருந்துக்குவா, வீட்டுக்கு வந்தா நீங்க இருக்கீங்க. உங்க மேலயும் வெறுப்பு வந்துட்டா அவ எங்க போவா? ஒருத்தரைத்தான் இழக்கணும்னா அது நானா இருந்துட்டுப் போறேன். நான் எத்தனை நாளைக்கு?"

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, யார்டுக்காரர் அறையைப் பார்த்து நடந்தார்.

மூன்றே முக்கால். தூக்கும் கொக்கி வைத்த லாரி வாசலில் வந்து நின்றது. யார்டுக்காரர் தாளை நீட்டி, எங்கே கையெழுத்து என்று மாமனாருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மனைவி குழாய்ப் பக்கத்திலிருந்து வந்தாள். முகம் கழுவியும் கண் சிவந்துதான் இருந்தது. அப்பாவின் முதுகைப் பார்த்தபடி கணவனிடம் சொன்னாள்.

"அவரைக் கையெழுத்து போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. இனிமே வீட்டுப் பக்கம் வர வேணாம், போனும் பண்ண வேணாம். நான் செத்தாலும் வரக்கூடாதுன்னு சொல்லிடுங்க."

பேனா பிடித்த கை நின்றது. அவர் திரும்பவில்லை. மாப்பிள்ளை வந்து சொல்வதற்காகக் காத்திருந்தார். அதுதானே வழக்கம்.

எட்டு மாதத்தில் எத்தனையோ வார்த்தையைச் சுமந்து போய்க் கொடுத்தவன்தான். இந்த ஒன்றைத் தூக்க அவனால் முடியவில்லை. யோசித்து, நல்லவனாகிவிட முடிவெடுத்து என்றெல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால், கால் நகரவில்லை, அவ்வளவுதான்.

"என்னால சொல்ல முடியாது" என்றான்.

"ஏன்?"

"அது கிடக்கட்டும்னு சொன்னது மாமா இல்லை. நான்."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் அவளை வண்டிக்குக் கூட்டிப்போனான். டார்ச்சை அவள் கையில் கொடுத்து, குனிந்து பார்க்கச் சொன்னான். அவள் கண்ணாடித் தூளில் மண்டியிட்டுப் பார்த்தாள். சீட் கவர், கொக்கி, ஒயர், ஞாயிற்றுக்கிழமை அழித்தது, இரண்டாவது போன், எல்லாவற்றையும் அவன் சொன்னான். ஒன்றையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் வேலை பார்க்கும் இடத்தில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"அப்பா எத்தனை தடவை போன் பண்ணாரு?"

"ரெண்டு தடவை."

"ரெண்டாவது தடவை எப்போ?"

"விபத்துக்கு எட்டு நாள் முன்னால."

அவள் கைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பி, பேனாவோடு நீட்டினாள். இப்போது சொன்னதை அப்படியே எழுதிக் கீழே கையெழுத்து போடச் சொன்னாள். இது யார் கைக்காவது போனால் பட்டறைக்குப் பூட்டுதான் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் வண்டியின் கூரைமேல் வைத்து எழுதினான். எழுத்து கோணிக்கொண்டு போனது. கையெழுத்து போட்டான். அவள் வாங்கிப் படித்து, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். தேதியும் போட்டான். யாரிடம் காட்டப் போகிறாள் என்று அவன் கேட்கவில்லை.

அவள் நேராக அப்பாவிடம் நடந்தாள். நடுவில் ஆள் இல்லாமல், தானாக.

"அப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். மாமனாரின் தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தது. முப்பத்தொரு வருஷம் அத்தனை பிள்ளைகளையும் பத்திரமாக இறக்கிவிட்ட மனிதர், யார்டுக்காரர் முன்னால், லாரிக்காரர் முன்னால், வெட்கம் பார்க்காமல் விசும்பினார்.

"ஏம்பா சொல்லலை? நான் என்னென்ன பேசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா என்ன ஆகும்மா, அம்மா வந்துடுவாளா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் தலையை அவர் தோளில் முட்டி முட்டி அழுதாள். யார்டுக்காரர் மேஜையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு, அவசரமில்லை, பொறுமையாகப் போடட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

லாரி வண்டியைத் தூக்கிக்கொண்டு போனது. மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை, மகள் பார்த்தாள். பிறகு மூவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். மாப்பிள்ளை கருவிப்பையோடு இரண்டடி பின்னால் வந்தான். காலையில் அவனும் அவளும் வந்த பைக் யார்டு வாசலிலேயே நின்றது. அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

பஸ் வந்தது. அவள் அப்பாவை முதலில் ஏற்றிவிட்டாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, அப்பாவோடு போவதாகச் சொன்னாள். தானும் பின்னால் வரட்டுமா என்று அவன் கேட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள்.

"எப்போ வருவே?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்கப்பா எட்டு மாசம் எப்போன்னு கேட்காம இருந்தாரு" என்றாள். "நீங்களும் இருங்க."

ஏறிப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலோரம் இருந்த மாமனார் கண்ணாடியைத் தள்ளி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.